திருப்பூரில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட நினைப்பவருக்கு

வேலம்பாளையம் பக்கம் மனைவியின் பெயரில் இருக்கும் 5 சென்ட் நிலத்தில், கீழே மூன்றும் மேலே மூன்றுமாக ஆறு லைன் வீடுகள், அதாவது வரிசையாக ஒட்டிய சிறு வாடகை வீடுகள், கட்ட எண்ணியிருப்பதாகவும், கையில் 20 லட்சம் இருப்பதாகவும், மீதி 28 லட்சத்தை வங்கிக் கடனாக வாங்கலாம் என்று இருப்பதாகவும் சொல்லி, இப்படிச் சிறிய அளவில் வாடகை வீடு கட்டுபவர்களுக்கு என்னென்ன சிக்கல்கள் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் தந்தை கட்டிய எட்டு வீட்டு லைன் ஒன்றை நான் இருபது ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். இடையில் சில ஆண்டுகள் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்ததால் மற்றவர்களின் வாடகைக் கணக்குகளும் என் கண்ணில் பட்டிருக்கின்றன. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நம் பக்கத்தில் வாடகையை "உட்கார்ந்த இடத்தில் வரும் வட்டி" என்றே பலரும் நினைக்கிறார்கள், வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் அந்த நினைப்பிலேயே தொடங்குகின்றன.

முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு 5,500 ரூபாய் என்று வைத்தால் ஆறு வீட்டுக்கு மாதம் 33,000 ரூபாய் வரும். 28 லட்சம் கடனை 9 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 28,400 ரூபாய். தவணை போக மாதம் 4,600 மிஞ்சும், கடன் தீர்ந்தபின் முழு வாடகையும் நமக்கே என்பது உங்கள் எண்ணம். ஆனால் ஆறில் ஒரே ஒரு வீடு காலியாக இருந்தால் வரவு 27,500 ஆகிவிடும், அதாவது ஒற்றை வீடு பூட்டிக் கிடந்தாலே தவணைக்குக் கைப்பணம் போட வேண்டும். ஆண்டுக் கணக்காகப் பார்த்தாலும் இதே கதைதான். வீட்டுக்கு ஆண்டில் ஒரு மாதம் காலி என்று வைத்தால் 3,96,000 ரூபாயில் 33,000 குறையும். வீட்டு வரி, பொது மோட்டாருக்கும் விளக்குக்குமான மின்கட்டணம், வெள்ளையடிப்பு, குழாய் வேலை, கழிவுத் தொட்டி எடுப்பது எல்லாமாக 40,000 என்று வைத்தால் கையில் நிற்பது 3,23,000. தவணைக்குப் போவது 3,40,800. மிஞ்சும் என்று நீங்கள் நினைத்த இடத்தில் ஆண்டுக்குப் பதினேழு, பதினெட்டாயிரம் துண்டு விழுகிறது, அதுவும் எல்லோரும் ஒழுங்காக வாடகை கொடுக்கும் ஆண்டில்.

"ஆறு குடும்பங்கள் இருக்கும்போது எல்லோருமா ஒரே நேரத்தில் போய்விடுவார்கள்?" என்ற ஆறுதல் இங்கேதான் பிறக்கிறது. கோவையில் ஒரே தெருவில் ஒரு கல்லூரி ஆசிரியர், ஒரு பம்ப் கம்பெனி ஊழியர், ஒரு மருந்துக் கடைக்காரர் என்று குடியிருப்பார்கள், அங்கே அந்த ஆறுதல் ஓரளவு செல்லும். திருப்பூர் லைன் வீட்டில் ஒருவர் சிங்கர் டைலர், அடுத்தவர் பவர்டேபிள் தையல்காரர், அதற்கடுத்தவர் கட்டிங் மாஸ்டர், அவருக்கு அடுத்த வீட்டில் செக்கிங்குக்குப் போகும் பெண்கள். தொழிற்பெயர் வேறாக இருந்தாலும் எல்லோருடைய வாடகையும் ஒரே பனியன் ஆர்டரிலிருந்துதான் வருகிறது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது, சாயம் நின்றதால் தைப்பதற்குத் துணி நின்றது, தையல் நின்றதால் ஆட்கள் ஊருக்குத் திரும்பினார்கள். எங்கள் லைனில் எட்டில் ஐந்து வீடுகள் காலியாகி, அவற்றில் இரண்டு பல மாதங்கள் பூட்டியே கிடந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, தொழிலாளர்களிடம், புலம்பெயர்ந்தோர் உட்பட, ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் 29-ஆம் தேதி ஆணையிட்டது. அது நியாயமான ஆணைதான், ஆனால் ஆணை இல்லாவிட்டாலும் கேட்பதற்கு ஆள் இருந்திருக்க மாட்டார்கள் என்பது அடுத்தடுத்த மாதங்களில் தெரிந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்கும் அனுப்பர்பாளையத்து "டு-லெட்" பலகைக்கும் எவ்வளவு தூரம் என்று வீட்டுக்காரர்கள் மறுபடியும் கற்றுக்கொண்டார்கள். ஆகவே ஆறு வீடுகளை ஆறு தனி வருமானங்களாக எண்ண வேண்டாம். ஊரின் ஒரே தொழிலில் நீங்கள் மறைமுகமாகப் போட்டிருக்கும் ஒரே முதலீடு அது. தொழில் படுத்தாலும் வங்கித் தவணை படுக்காது என்பதால், குறைந்தது ஆறு மாதத் தவணைக்கான பணத்தை, அதாவது 1,70,000 ரூபாயைத் தனியாக வைத்துக்கொண்ட பிறகே கடனில் கையெழுத்திட வேண்டும் என்பேன்.

தொழில் நன்றாக இருக்கும் காலத்திலும் வீடு காலியாவதற்கு ஒரு பருவம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் குடிமாற நம்மவர்கள் தயங்குவார்கள், ஆகவே ஆனி கடைசியில் காலியான வீடு ஆவணி பிறக்கும்வரை பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். தீபாவளிக்கு போனஸ் வாங்கிக்கொண்டு மதுரை, தேனி, தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர்களில் சிலர் திரும்புவதில்லை. ஒடிசா, பீகார் ஆட்கள் போனால் எப்போது வருவார்கள் என்பது அவர்களுக்கே உறுதியில்லை. ஒப்பந்தம் எழுதும்போது காலி செய்யும் மாதம் சித்திரையிலோ வைகாசியிலோ வரும்படி பார்த்துக்கொண்டால், பள்ளி திறக்கும் முன் வீடு தேடும் குடும்பங்கள் கிடைப்பார்கள். அற்பமாகத் தோன்றினாலும் இந்த ஏற்பாடு எனக்கு ஆண்டுக்கு இரண்டு வீட்டு மாத வாடகையை மிச்சப்படுத்தியிருக்கிறது.

வாடகை வசூலிப்பதில் வரும் பிணக்குகள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. பனியன் கம்பெனிகளில் சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை மளிகைக்கும் கறிக்கும் சீட்டுக்கும் போகும். அப்படிப்பட்ட குடும்பத்திடம் மாதம் பிறந்து ஐந்தாம் தேதி 5,500 ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்கச் சொன்னால் திணறுவார்கள். இரண்டாவது சனியும் நான்காவது சனியும் பாதிப் பாதியாகக் கொடுக்கலாம் என்று நான் மாற்றியபிறகு நிலுவை கண்கூடாகக் குறைந்தது. நிலுவை இரண்டு மாதத்தைத் தாண்டவிடக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள், மூன்றாவது மாதம் தொட்டபிறகு திரும்பக் கொடுத்தவர்கள் என் அனுபவத்தில் மிகக் குறைவு.

அட்வான்ஸ் இன்னொரு தலைவலி. காலி செய்யப் போகிறவர் இரண்டு மாதத்துக்கு முன்பே, "வாடகைய அட்வான்ஸுல கழிச்சுக்குங்க" என்று சொல்லிவிடுவார். கழித்து முடிந்து அவர் போன பிறகுதான் உடைந்த கதவும், கட்டாத கரண்ட் பில்லும், அடைத்துப்போன கழிவறையும் தெரியவரும். மறுபக்கம், வீட்டுக்காரர்களாகிய நாமும் அட்வான்ஸை நம் பணமாக எண்ணிச் செலவழித்துவிட்டு, அடுத்தவர் குடிவந்து கொடுக்கும் அட்வான்ஸிலிருந்து முந்தையவருக்குத் தருகிறோம். மூன்று வீடுகள் சேர்ந்து காலியாகும்போது இந்தச் சுழற்சி அறுந்து அவமானம் மிஞ்சும். ஆறு வீட்டு அட்வான்ஸையும் தனி வைப்பில் போட்டுவிடுங்கள். இப்போதுள்ள தமிழ்நாட்டுச் சட்டம், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரையில், மூன்று மாத வாடகையையே அட்வான்ஸின் வரம்பாக வைத்திருக்கிறது.

யாருக்கு வீடு கொடுப்பது என்பதில் நம் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. வீடு கேட்டு வருபவரிடம் வேலை, வருமானம் கேட்பதற்கு முன்பே "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி வந்துவிடும். அது தவறு என்பதை நான் தனியாக விளக்க வேண்டியதில்லை. கணக்காகப் பார்த்தாலும் மடத்தனம். பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு வீடு காலியாகக் கிடக்கிறது என்று புரோக்கரைக் குறை சொல்வதில் பொருளில்லை. பார்க்க வேண்டியவை ஒரே கம்பெனியில் எவ்வளவு காலமாக வேலை செய்கிறார், முந்தைய வீட்டை ஏன் விட்டார், வீட்டில் எத்தனை பேர் என்ற மூன்றும்தான். கடைசிக் கேள்வி மிக முக்கியம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு என்று கட்டிய 400 சதுர அடி வீட்டில் எட்டு இளைஞர்கள் ஷிப்ட் முறையில் தங்கினால் வாடகை கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் தண்ணீர் இரண்டு மடங்கு வேகத்தில் தீரும், கழிவுத் தொட்டியும் அதே வேகத்தில் நிரம்பும், பக்கத்துக் குடும்பங்கள் காலி செய்வார்கள். ஒரு கம்பெனியே தன் தொழிலாளர்களுக்காக மொத்த லைனையும் எடுத்துக்கொள்வதும் உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற நிறுவனம் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தால் அதற்கான வரியை 2022 ஜூலை 18 முதல் அந்த நிறுவனமே நேரடியாகச் செலுத்த வேண்டும், உங்களுக்கு அதில் சுமையில்லை. ஒரே இடத்தில் வாடகை கிடைக்கும் என்ற வசதியும் உண்டு. ஆனால் அந்தக் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தால் ஆறு வீட்டுச் சாவியும் ஒரே நாளில் உங்கள் மேசைக்கு வரும்.

ஒப்பந்தம் பற்றி ஊரில் நிலவும் இரண்டு கருத்துகளைத் திருத்த வேண்டும். முதலாவது, பதினொரு மாதத்துக்கு 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி வைத்தால் போதும் என்பது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே பதியலாம். லைன் வீட்டுக்கு யார் இதைச் செய்கிறார்கள் என்று கேட்டால், மிகச் சிலரே. ஆனால் வாடகை கொடுக்காதவரை வெளியேற்ற வேண்டிய நாளில் நீதிமன்றம் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். பதியாமல் விட்டவர்கள் பிறகு கோபத்தில் மோட்டாரை நிறுத்துவதும் ஃபியூஸைப் பிடுங்குவதும் வழக்கம், அந்தச் சட்டம் அதையே வெளிப்படையாகத் தடை செய்கிறது. வாடகை பாக்கி வைத்தவர் புகார்தாரராகவும் நீங்கள் பதில் சொல்பவராகவும் மாறிவிடுவீர்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர் கையெழுத்திடும்போது, அவர் மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசித்துச் சொல்லி, அவரையே சாட்சியாக வைத்துக்கொள்வது நல்லது. ஆதார் நகலும் ஊர் முகவரியும் வாங்கி, காவல் நிலையம் கேட்கும் படிவத்தையும் குடிவரும் அன்றே கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, பன்னிரண்டு ஆண்டுகள் குடியிருந்தால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடும் என்ற பயம். நல்ல குடித்தனக்காரரைக்கூட இந்தப் பயத்தால் ஐந்தாறு ஆண்டுகளில் கிளப்பிவிடும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உரிமையாளரின் அனுமதியோடு, வாடகைக்கு என்று ஒப்புக்கொண்டு இருப்பவர், எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த இருப்பைக் காட்டி உரிமை கொண்டாட முடியாது. எதிரிடை அனுபோகம் என்பது உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக அனுபவிப்பதைக் குறிக்கும் வேறு சங்கதி. ஒப்பந்தமும் வாடகை ரசீதும் கையில் இருக்கும்வரை நீண்டகாலம் குடியிருப்பவர் உங்களுக்கு லாபமே.

மின்சாரத்தில் கட்டும்போதே முடிவெடுக்க வேண்டும். ஆறு வீட்டுக்கும் ஒரே இணைப்பு வாங்கி உள்ளே சப் மீட்டர் வைத்தால் ஆரம்பச் செலவு குறையும். ஆனால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் உரியது, ஒரே இணைப்பானால் ஆறு குடும்பத்துக்கும் சேர்த்து அந்த 100 மட்டுமே, அதோடு மொத்தப் பயன்பாடு உயர்ந்த கட்டணப் படிக்கு ஏறிவிடும். அதை ஈடுகட்ட யூனிட்டுக்கு இவ்வளவு என்று நீங்கள் வசூலிக்க, மாதம் தவறாமல் சண்டை நடக்கும். ஆறு தனி இணைப்பும், மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் ஒரு பொது இணைப்பும் வாங்கிவிடுங்கள். காலி செய்பவரின் இணைப்பில் நிலுவை இருக்கிறதா என்று பார்த்தபிறகே அட்வான்ஸைத் திருப்புங்கள், ஏனெனில் மின்வாரியத்துக்கு உங்கள் பெயர்தான் தெரியும்.

தண்ணீர்தான் லைன் வீட்டின் உயிர். ஆறு குடும்பம், இருபத்து நான்கு பேர், ஆளுக்கு 100 லிட்டர் என்றாலும் நாளொன்றுக்கு 2,400 லிட்டர் வேண்டும். நல்ல தண்ணீர் நாள்விட்டு நாளோ பல நாள் இடைவெளியிலோ வரும் என்பதால், அதைப் பிடித்து வைக்கத் தனித் தொட்டி வேண்டும். மற்றதற்குப் போர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். நம் பகுதியில் ஆழமான போரில் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர், அது குழாயையும் மோட்டாரையும் மெல்ல அரித்துத் தின்னும். கோடையில் போர் வற்றினால் லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால் ஏப்ரலில் ஒரு பஞ்சாயத்து உறுதி. இன்னொன்று, மேல் வீட்டுக் குளியலறைக்குக் கீழ் வீட்டின் சமையலறை வரும்படி வரைபடம் போடாதீர்கள். எங்கள் லைனில் அப்படித்தான் அமைந்துவிட்டது. தளத்தை இரண்டு முறை பெயர்த்துப் பூசியும் கசிவு நிற்கவில்லை, அந்தக் கீழ் வீட்டை மட்டும் எப்போதும் 500 ரூபாய் குறைத்தே விட வேண்டியிருக்கிறது.

வரி விஷயம் பயந்த அளவுக்கு இல்லை. மாநகராட்சி எல்லைக்குள் வீட்டு வரி 2022 ஏப்ரலில் நன்றாக உயர்ந்தது, 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும் 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும். ஆறும் தனித்தனி வீடாக மதிப்பிடப்படுமா, ஒரே கட்டடமாகவா என்பதைக் கட்டும் முன்பே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. வருமான வரியில், பெற்ற வாடகையிலிருந்து கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 விழுக்காட்டைப் பராமரிப்புக்கென்று செலவுச் சீட்டு எதுவும் காட்டாமலே கழிக்கலாம். அதற்குமேல் கடன் வட்டியையும் கழிக்கலாம். உங்கள் கணக்கில் முதலாண்டு வட்டி மட்டும் ஏறத்தாழ 2,48,000 வரும் என்பதால் வரிக்குரிய வருமானம் அநேகமாக எதுவும் நிற்காது. ஆனால் நிலம் மனைவியின் பெயரில் இருப்பதால் கடனிலும் அவர் சேர வேண்டும்; வாடகை யாருடைய வருமானம், வட்டியை யார் கழிப்பது என்பதை ஒரு ஆடிட்டரிடம் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வட்டி அதிகமாகி நட்டம் வந்தாலும், புதிய வரி முறையில் இருப்பவர் அந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

நடுவில் பணமுடை வரும்போது ஒரு வீட்டைப் போக்கியத்துக்கு விடலாம் என்ற யோசனையை யாராவது கொண்டுவருவார்கள். 5 லட்சம் மொத்தமாகக் கிடைக்கும், மூன்று ஆண்டுகளுக்கு வாடகை கிடையாது, முடிவில் அசலைத் திருப்பினால் போதும், வட்டியே இல்லாத பணம் என்பார்கள். நீங்கள் விட்டுக்கொடுக்கும் வாடகை ஆண்டுக்கு 66,000, அது 5 லட்சத்துக்கு 13.2 விழுக்காடு, வங்கியைவிட அதிக வட்டிக்கு வாங்கிய கடன் அது. கல்யாணத்துக்கோ சீருக்கோ அந்தப் பணம் போய்விட்டால், மூன்றாம் ஆண்டு முடிவில் அடுத்த வீட்டைப் போக்கியத்துக்கு விட்டு முதல் வீட்டை மீட்க வேண்டியிருக்கும். லைன் முழுவதும் போக்கியத்தில் போய், பெயருக்கு மட்டும் வீட்டுக்காரராக இருப்பவர்கள் திருப்பூரில் குறைவில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு, கட்டவே வேண்டாமா என்று நீங்கள் கேட்டால், கட்டலாம் என்பதே என் பதில்; ஆனால் ஆறையும் ஒரே மூச்சில் வேண்டாம். மேலே மூன்று வீடு தாங்கும் அளவுக்கு அஸ்திவாரமும் தூண்களும், ஆறு குடும்பத்துக்குப் போதுமான தண்ணீர்த் தொட்டியும் கழிவுத் தொட்டியும் இப்போதே போட்டு, கீழ் மூன்று வீடுகளை மட்டும் முதலில் முடியுங்கள். 26 லட்சத்தில் முடிந்தால் கடன் 6 லட்சம்தான், தவணை 6,100 ரூபாய். மூன்றில் இரண்டு வீடு காலியாக இருந்தாலும் மீதி ஒரு வீட்டு வாடகையே அதில் 5,500-ஐக் கொடுத்துவிடும். மூன்று, நான்கு ஆண்டுகள் குடித்தனக்காரர்களோடு பழகி, ஒரு தீபாவளியையும் ஒரு வறட்சிக் கோடையையும் ஒரு மந்தகாலத்தையும் பார்த்தபிறகு மேல்தளத்தைப் பற்றி முடிவெடுங்கள். மேல்தளத்துக்கான கம்பிகளை மொட்டைமாடியில் நீட்டி விடும்போது மட்டும் சிமெண்டுப் பாலைப் பூசி மூடிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான்கு ஆண்டு மழையில் அவை துருப்பிடித்து, பிறகு கட்டும் மேஸ்திரி அவற்றை வெட்டியெறியச் சொல்வார்.